நீர்விளிம்பின் வம்சம்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கிணறு வெட்டியவர்களுக்கும் வீட்டுக்குக் கடைக்கால் எடுத்தவர்களுக்கும் பாறையின் பிடிவாதம் தெரியும். கடப்பாரை எகிறும் அந்தப் பாறைக்கு 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயது. அது இறுகிய காலத்தில் பூமியில் எலும்பு என்ற ஒன்றே உருவாகவில்லை. அதனால் அண்ணாமலையின் அடிவாரத்தில் தொல்லுயிர் எச்சங்களைத் தேடிப் பயனில்லை. மலையைச் சுற்றி நடக்கிறவர்கள் மிதிப்பது எல்லா விலங்குகளுக்கும் முந்திய தரை.

விலங்குகளின் தொன்மையை அறிய விரும்புகிறவர்கள் இங்கிருந்து மேற்கே முப்பது கிலோமீட்டர் அளவு போக வேண்டும். தென்பெண்ணைக்குக் குறுக்கே கட்டி 1958இல் திறக்கப்பட்ட சாத்தனூர் அணை அங்கே இருக்கிறது. அணைக்குச் சுற்றுலா போகாத குடும்பம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குறைவு. பூங்கா, வறுத்த மீன், பிறகு முதலைப் பண்ணை என்று ஒரு நாள் கழியும். பண்ணையின் தொட்டிச் சுவரில் சாய்ந்து நிற்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். “உயிரோடதான் இருக்கா?” என்பது ஒன்று. “டைனோசர் காலத்துல இருந்து அப்படியே இருக்குதாமே?” என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு விடை தேடிச் சிலர் கல் எறிகிறார்கள். காசும் பாட்டிலும்கூட எறிகிறார்கள். அந்த எறிதல் எனக்குத் தாங்க முடியாத ஒன்று. அசையாமல் கிடப்பது அந்த உடலின் உழைப்பு என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

முதலை தன் உடல் வெப்பத்தை உணவை எரித்து உண்டாக்குவதில்லை, வெயிலிலிருந்து வாங்கிக்கொள்கிறது. காலையில் கரையேறிக் கிடக்கும், சூடு மிகும்போது வாயைப் பிளக்கும், அதற்கும் மிஞ்சினால் நீருக்குள் இறங்கும். கோடை முற்றினால் கரையில் வளை தோண்டி உள்ளே போய்விடும். அதன் அளவுள்ள பாலூட்டி ஒன்று உயிர்வாழத் தேவைப்படும் இரையில் சிறு பங்கே இதற்குப் போதும். பல மாதங்கள் இரையில்லாமலும் இருக்கும். அசைவு ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு என்று கணக்கு வைத்திருக்கும் உயிர் அது. வெறும் வேடிக்கைக்காக அது ஏன் அசைய வேண்டும்?

இரண்டாவது கேள்விக்குத்தான் நீண்ட பதில் தேவை. மாறாமல் அப்படியே இருக்கிறது என்ற எண்ணம் நம் பாடநூல்களிலும் தொலைக்காட்சியிலும் ஊறிப்போயிருக்கிறது. ‘வாழும் புதைபடிவம்’ என்ற பட்டத்தைப் பெருமை என்று நினைத்துக் கொடுக்கிறோம். எனக்கு அது ஒரு உயிரின் வரலாற்றையே மறைத்துவிடும் பட்டமாகத் தோன்றுகிறது.

சாத்தனூரில் கிடப்பது சதுப்புநில முதலை. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், நேபாளம், ஈரான் நாடுகளின் நன்னீரில் வாழ்வது. இது குரோகடைலஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. மரபணு ஒப்பீடுகளின்படி இன்றுள்ள குரோகடைலஸ் இனங்கள் யாவும் ஒரே மூதாதையிலிருந்து பிரியத் தொடங்கி ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகவில்லை. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்களுக்கு 2 கோடி ஆண்டு வயது என்று மதிப்பிடுகிறார்கள். அந்த மரங்கள் பச்சையாக நின்றபோது இந்தப் பேரினத்தின் இன்றைய இனங்களில் ஒன்றுகூட இல்லை. டைனோசர்கள் மறைந்ததோ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன். சாத்தனூர் முதலையை எந்த டைனோசரும் பார்த்ததில்லை.

அதன் வம்சம் பழையது என்பது மெய். ஆனால் வம்சம் பழையது என்பதற்கும் உருவம் பழையது என்பதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆர்க்கோசார் என்னும் ஊர்வனக் கூட்டம் இரண்டாகக் கிளைத்தது. ஒரு கிளையில் டைனோசர்கள் வந்தன, அவற்றின் வழியே பறவைகள் வந்தன. இன்னொரு கிளையில் முதலைகள் வந்தன. ஆக, நம் வீட்டுச் சுவரில் இருக்கும் பல்லியும் காட்டு உடும்பும் முதலைக்குத் தூரத்து உறவு. சாத்தனூர் நீர்ப்பரப்பின் மேல் பறக்கும் கொக்குதான் கிட்டின உறவு. தோலைப் பார்த்து உறவு சொல்லும் நம் வழக்கத்துக்கு இது ஒப்பாது. உள்ளுறுப்புகளைப் பார்த்தால் ஒப்பும்.

முதலை இனத்தின் தொடக்கக் காலப் பிராணிகள் நீரில் கிடந்தவை அல்ல. டிரையாசிக் காலத்தின் பிற்பகுதியில் வாழ்ந்த அவற்றில் பல, மெலிந்த உடலும் நீண்ட கால்களும் கொண்டு தரையில் ஓடித் திரிந்தவை, நாய் அளவிலும் அதற்குச் சிறியதாகவும் இருந்தவை. அந்தக் கிளையின் பங்காளிகளில் பல்லே இல்லாமல் இரண்டு காலில் நடந்த எஃபீஜியா என்ற விலங்கும் உண்டு. முதலில் அதன் எலும்பைப் பார்ப்பவர் தீக்கோழி போன்ற டைனோசர் என்றே எண்ணுவார். 2006இல் அதை விவரித்த நெஸ்பிட், நோரெல் ஆகிய இருவரும் கணுக்காலெலும்பை வைத்து அது முதலைப் பக்கத்து உறவு என்று நிறுவினார்கள்.

சரி, அப்போது நீர்விளிம்பில் யார் இருந்தார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தெலங்கானாவில் இருக்கிறது. பிராணஹிதா-கோதாவரிப் பள்ளத்தாக்கின் மலேரி படிவுகளில் பாராசூக்கஸ் என்ற விலங்கின் முழு எலும்புக்கூடுகள் கிடைத்தன. நீண்ட மூக்கு, வரிசைப் பற்கள், முதுகில் கவசத் தகடுகள், தாழ்ந்த உடல். கங்கையின் கரியாலைக் காட்டுகிறார்கள் என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் அது முதலை இல்லை. மூக்குத்துளைகள் முதலைக்கு மூக்கு நுனியில் இருக்கும். பாராசூக்கஸுக்குக் கண்களுக்கு அருகில் இருந்தன. பைட்டோசார் என்ற வேறொரு கூட்டம் அது. சங்கர் சாட்டர்ஜி 1978இல் இதை விரிவாக எழுதினார். அவர் ஆராய்ந்த எலும்புக்கூடுகளின் வயிற்றுப் பகுதியில், விழுங்கப்பட்ட மலேரிசாரஸ் என்ற ஊர்வனவும் கிடைத்தது. கடைசியாகத் தின்ற இரையோடு அவை கல்லாகிப் போயிருந்தன.

இதில்தான் என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்கிறது. முதலை என்று நாம் அடையாளம் காணும் அந்த வடிவம் முதலைகளுக்கு முன்பே உலகில் இருந்திருக்கிறது. வேறொரு கூட்டம் அதை அணிந்திருந்தது. 20 கோடி ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பேரழிவில் பைட்டோசார்கள் அற்றுப்போயின. காலியான நீர்விளிம்புக்கு, அதுவரை தரையில் ஓடித் திரிந்த முதலைக் கிளையின் வாரிசுகள் பிறகு வந்து சேர்ந்தன. நீரில் பாதி, கரையில் பாதி கிடந்து, நீர் குடிக்க வருவதைப் பிடித்து வாழ வேண்டும் என்றால் உடல் அப்படித்தான் அமைய வேண்டியிருக்கிறது போலும். கண்ணும் மூக்கும் நீருக்கு மேலே, மற்றதெல்லாம் நீருக்குக் கீழே. அந்த வடிவத்தைச் செய்வது நீர்விளிம்பு. முதலை அதற்குக் கடைசியாக வந்த குடியிருப்பாளர்.

வந்த பிறகும் எல்லாம் அங்கேயே தங்கிவிடவில்லை. ஜுராசிக் கடல்களில் சில முதலைகள் கவசத்தை இழந்து, கால்கள் துடுப்பாகி, வால் மீன்வாலைப் போலப் பிளந்து, கடலோடிகளாயின. தரையில் இன்னொரு கூட்டம் தழை தின்னக் கற்றது. தழைதின்னி முதலை என்றால் கட்டுக்கதை என்று தோன்றும். மடகாஸ்கரில் 2000ஆம் ஆண்டு விவரிக்கப்பட்ட சிமோசூக்கஸ் ஒரு மீட்டர்கூட நீளமில்லாத, மழுங்கிய முகமுள்ள, கிராம்பைப் போன்ற பற்கள் கொண்ட முதலை. அதன் பற்களைப் போன்ற பல் ஒன்று நம் அரியலூர் மாவட்டத்துக் கல்லமேடு படிவுகளிலிருந்து கிடைத்தது. ஜி.வி.ஆர். பிரசாதும் உடனாய்வாளர்களும் 2013இல் அதை வெளியிட்டார்கள். கல்லமேடு படிவுகள் டைனோசர் யுகத்தின் கடைசிக் காலத்தவை. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது அதற்கும் முன்னால், ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன். பிரிந்து போன இரண்டு நிலங்களிலும் பழைய பங்காளிகள் தொடர்ந்து வாழ்ந்திருக்கிறார்கள் என்று அந்தச் சிறு பல் சொல்கிறது. அரியலூர் என்றால் சிமென்ட் ஆலை என்று மட்டும் நினைக்கிற நமக்கு, அங்கே ஒரு தழைதின்னி முதலை மேய்ந்திருக்கக்கூடும் என்ற செய்தி போய்ச் சேரவே இல்லை.

ஓடியவை, நீந்தியவை, தழை மேய்ந்தவை என்று விரிந்த அந்த வம்சத்தில் இன்று எஞ்சியவை முப்பதுக்கும் குறைவான இனங்கள். எல்லாமே நீர்விளிம்பில் பதுங்குகிறவை. பல அறைகள் கொண்ட பெரிய வீட்டில் எல்லா அறைகளும் இடிந்து திண்ணை மட்டும் நிற்பதைப் போன்றது இது. திண்ணையை மட்டும் பார்த்துவிட்டு வீடு எப்போதுமே இவ்வளவுதான் என்கிறோம். முதலைகளின் மரபணுத் தொகுதிகளை 2014இல் ஒப்பிட்டவர்கள் அவற்றின் மரபணு எழுத்துகள் மிக மெதுவாக மாறுவதைக் கண்டார்கள். அது உண்மை. ஆனால் மெதுவாக மாறும் எழுத்துகளை வைத்துக்கொண்டே அந்த வம்சம் இத்தனை உருவங்களை எழுதிப் பார்த்திருக்கிறது.

நியூசிலாந்தின் டுவாட்டாராவுக்கும் இதே பட்டம்தான். பல்லியைப் போல இருக்கும், பல்லி அல்ல. ரிங்கோசெபாலியா என்ற வரிசையில் உலகில் மிஞ்சிய ஒரே இனம். பல்லிகளிடமிருந்தும் பாம்புகளிடமிருந்தும் பிரிந்து ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்று 2020இல் வெளியான அதன் மரபணுத் தொகுதி ஆய்வு சொல்கிறது. அந்த வரிசை ஒரு காலத்தில் இந்தியாவிலும் இருந்தது. கோதாவரிப் பள்ளத்தாக்கின் கோட்டா படிவுகளில் கிடைத்த தாடைத் துண்டுகளுக்கு 2001இல் கோதாவரிசாரஸ், ரெப்பனசாரஸ் என்று பெயரிட்டார்கள். டுவாட்டாராவின் மண்டையோட்டில் கன்னத்தின் கீழே ஓர் எலும்புப் பாலம் உண்டு. அதைத்தான் பழைமையின் முத்திரை என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அதன் மூதாதைகள் அந்தப் பாலத்தை இழந்திருந்தன, பின்னால் புதிதாக மீண்டும் உண்டாயிற்று என்று புதைபடிவங்கள் காட்டிவிட்டன. அங்கேயும் பழைமை என்று நினைத்தது புதுமை.

முதலையின் உடலுக்குள் போவோம். மற்ற ஊர்வனவற்றுக்கு இதயத்தில் கீழறை முழுதாகப் பிரிந்திருக்காது. முதலைக்கு நான்கு அறைகளும் தனித்தனி, பறவைக்கும் நமக்கும் இருப்பதைப் போல. ஆனால் அது நம்மைவிட ஒரு படி மேலே போகிறது. வலக் கீழறையிலிருந்தும் ஒரு பெருந்தமனி கிளம்புகிறது. இரண்டு பெருந்தமனிகளுக்கும் இடையே பனிட்சா துளை என்ற ஒரு வழி இருக்கிறது. நுரையீரலுக்குப் போகும் வாயிலை ஒரு தடுக்கிதழ் இறுக்கிக்கொள்ளும். நீருக்கடியில் மூச்சடக்கிக் கிடக்கும்போது பயனற்ற நுரையீரலைச் சுற்றாமல் இரத்தத்தை உடலுக்கே திருப்பிவிட இந்த அமைப்பு இடம்தருகிறது. வெப்பத்தைத் தானே உண்டாக்காத உயிருக்கு இத்தனை நேர்த்தியான இதயம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. முதலையின் மூதாதைகள் வெப்பக்குருதி விலங்குகளாக இருந்து, நீர்விளிம்புக்கு வந்தபின் அதைக் கைவிட்டிருக்கலாம் என்பது ஒரு வாதம். ஓடித் திரிந்த அந்த மெலிந்த கால்களை நினைத்தால் எனக்கு அந்த வாதம் ஏற்கத்தக்கதாகவே படுகிறது.

பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடும். அமெரிக்க அலிகேட்டரிலும் அப்படியே ஓடுகிறது என்று 2010இல் கண்டார்கள். பிறகு உடும்பு வகையிலும் கண்டார்கள். ஆகவே அது ஆர்க்கோசார்களுக்கும் முந்திய சொத்தாக இருக்கக்கூடும். இப்படி ஒவ்வொரு கண்டுபிடிப்பும் வம்சாவளியை இன்னும் கீழே தோண்டச் சொல்கிறது.

குஞ்சு வளர்ப்பைப் பற்றித் தமிழ்நாட்டுக்குப் பெருமையான ஒரு செய்தி உண்டு. ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணையில், ஜெஃப்ரி லாங், விட்டேக்கர், ஹாரி ஆண்ட்ரூஸ் மூவரும் இந்த முதலைகளைப் பல பருவங்கள் கவனித்தார்கள். முட்டைக்குள்ளிருந்தே குஞ்சுகள் குரல் கொடுக்கின்றன. அதைக் கேட்டுத் தாய் மண்ணைத் தோண்டி, முட்டையைத் தாடைக்குள் மெல்ல உருட்டி ஓட்டை உடைத்து, குஞ்சுகளை வாயில் வைத்து நீருக்குக் கொண்டுபோகிறது. ஆண் முதலையும் இந்த வேலையைச் செய்கிறது என்று அவர்கள் 1986இல் எழுதினார்கள். எருமையின் தொடை எலும்பை நொறுக்கும் தாடை அது. அதே தாடை ஈர ஓட்டை, உள்ளே இருப்பதற்கு ஒரு கீறலும் படாமல் உடைக்கிறது. தாடைத் தோலில் கரும்புள்ளிகளாகத் தெரியும் நுண்மேடுகளுக்கு நம் விரல்நுனியை மிஞ்சும் தொடு உணர்ச்சி இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. கொடூரம் என்று பெயர்பெற்ற வாய்தான் அந்த உடலிலேயே மென்மையறிந்த உறுப்பு.

அதே பண்ணையில் விளாதிமிர் டினெட்ஸ் என்ற ஆய்வாளர் இன்னொன்றைப் பதிவுசெய்தார். கொக்குகள் கூடுகட்டும் மரங்களுக்குக் கீழே முதலைகள் மூக்கின் மேல் சுள்ளிகளை வைத்துக்கொண்டு நீரில் அசையாமல் கிடந்தன. சுள்ளி எடுக்க வந்த கொக்கைப் பிடித்தன. 2013இல் இது வெளியானது. வேண்டுமென்றே செய்கிறதா, மிதந்த சுள்ளி தானாக ஒட்டியதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. தொட்டிச் சுவரில் சாய்ந்து கல் எறிகிறவர் இதையாவது நினைத்துப் பார்க்கலாம்.

இனி வெப்பத்துக்கு வருகிறேன். சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். முதலைக்கு ஆண், பெண் என்று தீர்மானிக்கும் குரோமோசோம் கிடையாது. முட்டையிட்ட மண்ணின் சூடு அதைத் தீர்மானிக்கிறது. சதுப்புநில முதலையில் இதை விரிவாக அளந்து லாங் குழுவினர் 1989இல் வெளியிட்டார்கள். 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரை நிலையாக அடைகாத்தால் எல்லாம் பெண். 32.5 டிகிரியில் எல்லாம் ஆண். 31.5, 32, 33 டிகிரிகளில் இரண்டும் கலந்து பிறக்கின்றன. எல்லாம் பெண் என்பதற்கும் எல்லாம் ஆண் என்பதற்கும் இடையே உள்ள தூரம் ஒன்றரை டிகிரி. நம் உடம்பில் அந்த அளவு கூடினால் காய்ச்சல் என்று மாத்திரை போடுகிறோம்.

தமிழ்நாட்டில் இந்த முதலை பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் முட்டையிடுகிறது. நீர் வற்றி இறங்கும்போது கரையில் குழி தோண்டி, இருபது முப்பது முட்டையிட்டு, மண்ணால் மூடுகிறது. இரண்டு மாதம் போல் காத்தால் கோடையின் முடிவில் குஞ்சு வெளிவரும். எந்தக் கரை, எந்தச் சரிவு, எவ்வளவு ஆழம், நிழலா வெயிலா என்று தாய் தேர்வது அடுத்த தலைமுறையின் ஆண் பெண் விகிதத்தையே தேர்வதாகும். கூடு வெயில் காயும் மேல்மண்ணுக்குக் கீழே இருப்பதால் வெளியே 40 டிகிரி அடித்தாலும் உள்ளே அவ்வளவு ஏறாது. ஈரமும் மணலும் அதைச் சமன்செய்கின்றன. ஆனால் மணல் அள்ளப்பட்ட கரையில், மரம் போன சரிவில், கோடையில் அணைநீர் திடீரென ஏறி இறங்கும் இடத்தில் இந்தச் சமன் கெடும். டுவாட்டாராவிலும் கூட்டின் சூடே இதைத் தீர்மானிக்கிறது. அங்கேயும் குளிர்ந்த கூடு பெண்ணைத் தரும், சூடான கூடு ஆணைத் தரும். நார்த் பிரதர் என்ற சின்னத் தீவில் ஆண்கள் மிகுந்து பெண்கள் குறைந்துவருவது பதிவாகியிருக்கிறது.

இந்த வம்சம் இதைவிடக் கடுமையான வெப்பங்களைக் கண்டதில்லையா என்று கேட்கலாம். கண்டிருக்கிறது. ஆனால் அப்போது இடம்பெயர நதி முழுவதும் இருந்தது. ஒரு கரை பொருந்தவில்லை என்றால் அடுத்த கரை இருந்தது. சாத்தனூர் முதலைக்கு இருப்பது ஓர் அணைநீர்ப்பரப்பு, சுற்றிலும் வயலும் ஊரும் சாலையும். ஒன்றரை டிகிரியை ஈடுகட்டும் வித்தை அதன் உடலில் இல்லை, கரையில்தான் இருக்கிறது.

இந்த மண்ணில் முதலையோடு மனிதர் வாழ்ந்தது நேற்று இன்று தொடங்கியதல்ல. செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், அவன் ஊர் அகழியில் முதலை இருந்ததைச் சொல்கிறது. அந்தச் செங்கம் சாத்தனூருக்குப் பக்கத்து ஊர். தோலுக்காக வேட்டையாடி இருபதாம் நூற்றாண்டின் பாதிக்குள் ஏறக்குறைய அழித்தே விட்டோம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்தது. 1975இல் ஐ.நா. அமைப்புகளின் துணையோடு இந்திய அரசு முதலைத் திட்டத்தைத் தொடங்கியது. முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பாகப் பொரிக்கவைத்து, குட்டிகளை வளர்த்து ஆறுகளில் விடுவது அதன் வழி. சாத்தனூர், அமராவதி பண்ணைகள் அந்த முயற்சியின் பிள்ளைகள். அந்த முயற்சி வென்றது. வென்றதே சிக்கலானது. பண்ணைகளில் முதலைகள் பெருகின, விடுவதற்கு ஆறு இல்லை. 1990களின் நடுவில் விடுவிப்பு நின்றது. வடநெம்மேலியிலிருந்து ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகருக்கு மாற்ற அண்மையில் ஒப்புதல் பெற வேண்டிய நிலை வந்தது. உயிரைக் காப்பாற்றக் கற்றோம், அதற்கு ஆற்றங்கரையை விட்டுவைக்கக் கற்கவில்லை.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சதுப்புநில முதலை பண்ணைகளில் ஏராளம். பன்னாட்டுச் செம்பட்டியலோ அதை அழிவாய்ப்புள்ள இனம் என்று குறிக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. சிமென்ட் தொட்டியில் ஒரு முதலை நாற்பது ஆண்டு வாழும், ஆனால் கரையைத் தேர்வதில்லை, வளை தோண்டுவதில்லை. மண்ணின் சூட்டைப் பார்த்து அடுத்த தலைமுறையை அமைப்பதும் இல்லை. அங்கே உடல் காப்பாற்றப்படுகிறது, வாழ்முறை காப்பாற்றப்படுவதில்லை.

வனத்துறைக்கும் நீர்வளத்துறைக்கும் நம் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளுக்கும் ஒரு வேண்டுகோள். சாத்தனூர் நீர்ப்பரப்பைச் சுற்றி, பண்ணைக்கு வெளியே, முதலைகள் கூடு வைக்கும் கரைகளை ஆண்டுதோறும் பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை குறித்து, கூட்டு மண்ணின் வெப்பத்தை அளந்து, அந்தக் கணக்கைத் தமிழில் வெளியிடுங்கள். அந்தக் கரைகளில் மணல் அள்ளுவதை நிறுத்துங்கள், முட்டைக் காலத்தில் நீர்மட்டத்தை இந்தக் கணக்கையும் பார்த்து ஏற்றி இறக்குங்கள். ஒரு வெப்பமானியும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் திருவண்ணாமலைக் கல்லூரி மாணவர்களே வருகிற பிப்ரவரியில் இதைத் தொடங்கிவிடலாம்.